நலம், நலமறிய அவா

எழுபத்திரண்டு வயதில், விமானத்தின் திரைக்கு முன்பக்கம் உட்கார்ந்து இலங்கைக்குப் போய், ஒன்பது நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கூச்சம்தான் எழுதுவதற்குக் காரணமும். பிரயாணக் கட்டுரைக்கு நம்மிடையே மதிப்புக் கிடையாது. போன இடம், தின்ற பண்டம், பார்த்த கோபுரம் என்று வாரப் பத்திரிகைகள் போட்டு நிரப்பிய சமாசாரம் அது என்று ஒதுக்கியே வந்திருக்கிறோம். நான் எழுத வந்ததும் போன இடத்தைப் பற்றியல்ல. போகாத இடத்தைப் பற்றி.

மகள் டொராண்டோவில் இருக்கிறாள். முழங்கால் வலியும் தூக்கமின்மையுமாகத் தொலைபேசியில் நான் புலம்பியதன் பலன் இந்தப் பிரயாணம். "அப்பா, நீங்க ஒண்ணும் பேசக்கூடாது. டிக்கெட் போட்டாச்சு" என்றாள். அவளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவர் ஸ்கார்பரோவில் பிரயாணக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். அப்பாவுக்குக் கால் மடக்க முடியாது என்று இவள் சொன்னதும், "அப்ப ஐயாவை முன்னுக்கே இருத்துவம்" என்றாராம். அந்த வாக்கியத்தை மகள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்கு அதன் ஒலி வேறோர் இடத்தில் போய்த் தட்டியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஓய்வு பெற்றபின் திருவிடந்தையில் குடியிருக்கிறேன். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், சாலைக்கு ஒருபுறம் கோயில், மறுபுறம் சவுக்கும் மணலும் கடலும். கோயிலில் இருப்பவர் நித்யகல்யாணப் பெருமாள். வராகம், பிராட்டியை இடதுபக்கம் ஏந்தியிருக்கிறார். திரு இட எந்தை என்று ஊர்ப்பெயருக்கே அதுதான் விளக்கம். காலவ ரிஷியின் 360 பெண்களை, நாளைக்கு ஒருத்தி வீதம் வருஷம் முழுவதும் கல்யாணம் செய்துகொண்டு, கடைசியில் எல்லோரையும் ஒருத்தியாக்கிக்கொண்டவர் என்பது புராணம். அதனால் கல்யாணமாகாதவர்கள் வந்து மாலை சாத்தி, அதைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை பிரகாரம் சுற்றுகிறார்கள். கல்யாணமானபின் அந்தக் காய்ந்த மாலையோடு ஜோடியாக மறுபடி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் இருக்காது.

கல்யாணம் என்ற வார்த்தையை நாம் விவாகத்துக்கு ஒதுக்கிவிட்டோம். வடமொழியில் அதன் அடிப்படை அர்த்தம் நன்மை, மங்களம், நலம். பகவானின் கல்யாண குணங்கள் என்று சொல்லும்போது யாரும் தாலி கட்டுவதை நினைப்பதில்லை. ஆக எங்கள் ஊர்ப் பெருமாள் நித்தியமும் நலமாக இருக்கிறவர். இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக உல்லாச விடுதிகள் 'வெல்னெஸ்' என்று பலகை மாட்டி விற்கிற சரக்கு, அவரிடம் வெகுகாலமாக ஒரு மாலையின் விலைக்குக் கிடைத்துவருகிறது. இந்தக் கடற்கரைக்கு வெளியார் வருவதும் புதிதல்ல. கோவளத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கோட்டையை 1752இல் கிளைவ் பிடித்து இடித்தான். கோட்டை இருந்த பக்கத்தில் 1970களில் மீனவர் பெயரைச் சூட்டிக்கொண்டு ஒரு ஹோட்டல் வந்தது. மீனவர்கள் தள்ளிப் போனார்கள். அந்த ஹோட்டலில்தான் 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் உட்கார்ந்து பேசினார்கள். அதற்கு முந்திய வருஷம், 2018 ஏப்ரலில், எங்கள் ஊர் மணலிலேயே ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. நித்யகல்யாணப் பெருமாள் சன்னிதிக்கு நடக்கிற தூரத்தில் பீரங்கிகள். ஊர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறது. இப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து நலம் தேடி நான் இன்னொரு கடற்கரைக்குப் போனேன்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். திருவிடந்தையிலிருந்து மீனம்பாக்கத்துக்குப் போக அதைவிட அதிகம் பிடித்தது. இந்த அற்ப நேரத்துக்கு அகலமான நாற்காலி, சூடான ஈரத் துண்டு, பீங்கான் தட்டு, துணிக் கைக்குட்டை. எனக்குப் பின்னால் ஒரு திரையை இழுத்துவிட்டார்கள். கனமான திரை அல்ல. அதற்கு அப்பால் குழந்தை அழுவது கேட்டது, ஒரு அம்மாள் தமிழில் அதட்டுவது கேட்டது. இழுத்துவிட்டார்கள் என்பதுதான் விஷயம். கோயிலில் திரை போட்டால் உள்ளே சுவாமிக்கு அலங்காரம் நடக்கிறது என்று அர்த்தம். இங்கே திரைக்கு உள்ளே எனக்குப் பழரசம் கொடுத்தார்கள். அந்தத் திரை எனக்குச் சங்கடமாக இருந்தது என்று எழுத ஆசை. உண்மையில் சௌகரியமாக இருந்தது. காலை நீட்ட முடிந்தது. சங்கடம் பிறகுதான் வந்தது. வரவேண்டுமே என்று நானே வரவழைத்துக்கொண்டதோ என்றும் சந்தேகம்.

சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவன் யாழ்ப்பாணத்தின் அட்சரேகையைத் தாண்டித்தான் போகவேண்டும். இதைப் பள்ளிக்கூடப் படம் பார்த்த யாரும் அறிவார்கள். ஜன்னலுக்கு வெளியே நீலமும் வெண்மையுமாக இருந்தது. எந்த நிமிஷத்தில் தாண்டினோம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெண் விமானியிடம் விசாரித்துச் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

இப்போது நண்பரைப் பற்றி.

நான் அவரைப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஆசிரியராக இருந்தார். 1970களில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, சம்பளத்தில் பிய்த்துப் போட்டு ஒரு ஏடு நடத்தினோம். முன்னூறு பிரதி அச்சிட்டு நூற்றிருபது போக மிச்சத்தைக் கட்டிவைத்த ஏடு. அதற்குக் கடல் தாண்டிய முதல் சந்தாதாரர் அவர். அந்தப் பத்தாண்டின் முற்பகுதியில் கொழும்பு அரசு இந்தியப் பத்திரிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. அதனால் நம் வாரப் பத்திரிகைகளின் பிடியிலிருந்து அவர்கள் ஒருவாறு தப்பி, தங்கள் ஏடுகளைத் தாங்களே வளர்த்துக்கொண்டார்கள் என்று அவர் எழுதுவார். 1966இலிருந்து வந்துகொண்டிருந்த 'மல்லிகை'யையும், 1975இல் தொடங்கிய 'அலை'யையும் எனக்கு அனுப்பிவைப்பார். அவற்றில் எங்கள் ஏட்டைவிட நேர்மை அதிகம் என்று எனக்குத் தோன்றியதுண்டு, அவருக்கு எழுதியதில்லை.

அவர் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி தொடங்கும்: நலம், நலமறிய அவா. நானும் அப்படியே தொடங்குவேன். நம் தாத்தாக்கள் எழுதின வாசகம். புதுக்கவிதைக்காரர்களான எங்களுக்கு அதில் கிண்டலும் இருந்தது, ஒட்டுதலும் இருந்தது. நாலு பக்கம் எலியட்டையும் மௌனியையும் பற்றிச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் "உமது தாயாரின் கண் எப்படி?" என்று கேட்பார்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. மே 31 இரவு தொடங்கியது. சுமார் 97,000 நூல்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதைப் பற்றி அவரிடமிருந்து நீண்ட கடிதம் எதிர்பார்த்தேன். ஒரு அட்டைதான் வந்தது. நூலகத்தில் இரவல் எடுத்த இரண்டு புத்தகங்கள் தம் வீட்டில் இருந்ததால் தப்பிவிட்டன என்றும், தவணை முடிந்துவிட்டது, யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். அதற்கு நான் பதில் எழுத ஒரு மாதம் ஆயிற்று. என்ன எழுதினேன் என்று ஞாபகமில்லை. ஞாபகமில்லாதபடிதான் எழுதியிருப்பேன்.

வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு காலத்தில் எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக் கொழும்பில் இறங்கலாம், போட் மெயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதும் அந்தப் பாதையும் போயிற்று. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. அதில் வருகிறேன் என்று 1982 கடைசியில் எழுதினேன். தை பிறந்ததும் வருகிறேன் என்று எழுதினேன். தை பிறந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம், கையில் பணமில்லை என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. இரண்டையும் மீறிப் போயிருக்கலாம் என்பதும் உண்மை. 1983 ஜூனில் அவருடைய கடைசிக் கடிதம்: ஆவணியில் நல்லூர்த் திருவிழா முடிவதற்குள் வந்து சேரும். அடுத்த மாதம் ஜூலை. என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நான் மூன்று கடிதம் எழுதினேன். பதிலில்லை. 1985இல் 'மரணத்துள் வாழ்வோம்' கவிதைத் தொகுப்பு இங்கே கைக்குக் கிடைத்தபோது, கவிதைகளைப் படிக்கும் முன் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அவர் கவிதை எழுதுகிறவரே அல்ல.

பிறகு 1987, 1995, 2009. நான் செங்கல்பட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். 1990களில் அங்கே இலங்கைத் தமிழர்களை அடைத்துவைத்திருந்த சிறப்பு முகாம் இருந்தது. அதன் மதிலோரமாக வருஷக்கணக்கில் சைக்கிளில் ஆபீஸ் போயிருக்கிறேன். உள்ளே யாரிடமாவது அவர் ஊரைச் சொல்லி விசாரிக்கலாமென்று ஒருநாளும் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. காவலில் இருந்தவர்களைப் பார்த்ததும் தோன்றியது போய்விடும்.

நான் போன விடுதி கொழும்புக்குத் தெற்கே, பேருவளைக்கும் பெந்தோட்டைக்கும் நடுவில். கடற்கரையை ஒட்டி ரயில் பாதை. தென்னைகளுக்கிடையே உயரத்தில் கயிறு கட்டி, கள் இறக்குகிறவர்கள் மரத்துக்கு மரம் அந்தரத்தில் நடந்து போகிறார்கள். அந்தப் பிரதேசத்தில் நான் பார்த்தவற்றில் மறக்கமுடியாதது அதுதான். விடுதியில் பெரும்பாலும் ஜெர்மானியர்கள். வந்ததும் ஒரு வைத்தியர் நாடி பார்த்து வாத உடம்பு என்றார். என் பாட்டி நாடி பார்க்காமலே அதைச் சொல்வாள். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, மிளகு ரசம் சாதம் போட்டு, பகலில் தூங்கவிடாமல் திண்ணையில் உட்காரவைப்பாள். இங்கேயும் பகலில் தூங்கக்கூடாது என்றார்கள். கொத்தமல்லிக் கஷாயம் கொடுத்தார்கள். சிங்களத்திலும் அது கொத்தமல்லிதான். கோவணம் கட்டிவிட்டார்கள். இவ்வளவு பணம் செலவழித்து, இவ்வளவு தூரம் பறந்து, கோவணத்துக்கும் மிளகு ரசத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று முதல் நாள் சிரிப்பு வந்தது. பாட்டியின் எண்ணெய்க்கு ஒரே ஒரு வித்தியாசம். அவள் தேய்க்கும்போது ஊர்க்கதை பூராவும் பேசிக்கொண்டே தேய்ப்பாள். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பிள்ளை, யாருக்குக் கோர்ட்டில் வாய்தா. இங்கே பேசக்கூடாது. செய்தித்தாள் கூடாது, தொலைபேசி கூடாது, புத்தகம்கூட வேண்டாம் என்றார்கள். மனசை அலட்டுகிற எதையும் நினைக்கவேண்டாம் என்பது வைத்தியரின் சீட்டில் ஒரு மருந்தாகவே எழுதப்பட்டிருந்தது.

எனக்கு எண்ணெய் தேய்த்தவர் முப்பது வயதுக்காரர். மூன்றாம் நாள், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, தாழ்ந்த குரலில், "ஐயா இந்தியாவுல எந்த ஊரு?" என்றார். தமிழ். ஹட்டன் பக்கத்துத் தோட்டம். தாத்தாவுக்கு அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்களாம். லயத்தில் பிறந்து வளர்ந்தேன் என்றார். லயம் என்றால் நமக்குச் சங்கீதம். அவருக்கு அது தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டின, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. 1948இல் குடியுரிமை போய், 1964இல் சாஸ்திரியும் சிரிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்தப் பங்கில் அவர் அம்மாவின் அக்காள் குடும்பம் கோத்தகிரிக்குப் போய்விட்டது. அம்மா இங்கே நின்றுவிட்டாள். "பெரியம்மா காயிதம் போடுவாங்களாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, தொரை ஆபீசுக் கிளார்க்கு படிச்சுச் சொல்லுவாராம்" என்றார்.

அவர் கை என் முழங்காலில் இருந்தது. மண்டபம் முகாம் ஞாபகத்துக்கு வந்தது. தோட்டங்களுக்குப் போன கூலிகளை அங்கே சில நாள் தடுத்துவைத்து, அம்மை குத்தி, துணிமணிகளைக் கிருமி நீக்கித்தான் கப்பலேற்றினார்கள். இந்தத் தீவுக்குப் போகிற தமிழனின் உடம்பைச் சுத்தம் செய்வது அப்போதும் நடந்திருக்கிறது. அன்று தீவின் நலத்துக்காக. இன்று என்னுடைய நலத்துக்காக. நடுவில் நாலு தலைமுறை தேயிலை. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை.

ஏழாம் நாள் அவர்தான் கேட்டார். "இந்தியாவுலயிருந்து வர்றவங்க நல்லூருக்குப் போவாங்க. ஐயா யாழ்ப்பாணம் போகலீங்களா?"

"நேரமில்லை" என்றேன்.

ஒன்பது நாள், காலையும் மாலையும் எண்ணெய்க்கும் ஆவிக்கும் போக, ஒன்றும் செய்யாமல் சாய்வு நாற்காலியில் கிடப்பதற்காகவே வந்தவன் சொன்ன வார்த்தை அது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டார். அன்று ராத்திரி, வந்ததிலிருந்து முதல் தடவையாக, எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேரம் இருந்தது. பணமும் இருந்தது, மகளுடையது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் போகிறது. அதுகூட வேண்டாம். ஸ்கார்பரோ டிக்கெட்காரரிடம் கிராமத்தின் பெயரையும் வாத்தியாரின் பெயரையும் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் பதில் வந்திருக்கும். அவர்களுக்குள் அப்படித்தான் சேதி போகிறது. எனக்கு வேண்டியிருந்தது பதில் அல்ல என்று அந்த ராத்திரி தெரிந்தது. பதில் வராதவரை அவர் ஒரு கடிதம் எழுதாத நண்பர். வந்துவிட்டால் வேறு ஏதோ ஆகிவிடுவார். அல்லது, அதைவிடப் பயங்கரம், எண்பது வயதில் உயிரோடிருந்து, நீர் ஏன் நாற்பது வருஷம் கேட்கவில்லை என்று கேட்பார்.

நம் பழைய கடித வாசகத்தில் இரண்டு பாதி இருக்கிறது. நலம் என்பது ஒன்று. நலமறிய அவா என்பது இன்னொன்று. இரண்டாவது இல்லாமல் முதலாவதை யாரும் எழுதியதில்லை. தான் சௌக்கியம் என்று மட்டும் எழுதி ஒட்டி அனுப்பினால், படிக்கிறவன் எழுதினவனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்திருப்பான். அந்த விடுதி விற்பது முதல் பாதியை மட்டும். இரண்டாவது பாதியை, அதாவது பிறர் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய வேண்டுமென்ற உபத்திரவத்தை, எண்ணெயோடு வழித்து எடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். என் முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது. இரண்டாவது பாதியை நான் வெகுகாலம் முன்பே என் செலவில் வழித்துவிட்டிருந்தேன். இலக்கியத்தில் நேர்மை, அனுபவ உண்மை என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே வழித்திருக்கிறேன்.

திரும்பிவந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. வாசலை அடைத்துக்கொண்டு கார்கள். கழுத்தில் மாலையோடு ஒரு பையன் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் அம்மா பின்னாலேயே விரல் மடக்கி எண்ணிக்கொண்டு போனாள். நான் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்லி, கடிதக் கட்டைத் தேடி எடுத்தேன். விலாசம் தெளிவாக இருக்கிறது. கேளம்பாக்கம் தபாலாபீஸில் ஏர்மெயில் என்று எழுதி ஒரு கடிதம் போட்டேன். நலம், நலமறிய அவா. அந்த இரண்டு புத்தகங்களையும் பற்றி விசாரித்திருந்தேன். யாழ்ப்பாண நூலகத்தை மறுபடி கட்டித் திறந்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்க இப்போது இடம் இருக்கிறது.

மூன்று மாதமாகிறது. பதில் இல்லை. விலாசதாரர் இல்லை என்று திரும்பியும் வரவில்லை.

சென்னையிலிருந்து பலாலிக்கு 2019இலிருந்து விமானம் விட்டிருக்கிறார்கள். நடுவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. சின்ன விசிறி விமானம். அதில் முன்பகுதி, பின்பகுதி கிடையாது, திரையும் கிடையாது. மகளிடம் சொன்னேன். "போயிட்டு வாங்கப்பா, யாரு அங்கே?" என்று கேட்டாள். நாற்பது வருஷத்தில் அவளிடம் அந்தப் பெயரை நான் சொன்னதேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னேன்.

தை பிறந்ததும் போகலாமென்று இருக்கிறேன். 1982இலும் இப்படித்தான் எழுதியிருந்தேன்.